சின்ன முன்பாய் சோம்பேறிகளுக்கானது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். தமிழில் யாராவது இதை எழுதமாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவள் நான். ஆனால் அதில் ஒரு விஷயத்தை அப்படியே விட மனசு வரவில்லை. இப்போதைய கேட்டமரான்களில், அதாவது இரட்டை உடல் படகுகளில், வரும் செல்ஃப் டேக்கிங் ஜிப், அதாவது தானே பக்கம் மாறிக்கொள்ளும் சின்ன முன்பாய், உழைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கானது என்றும், பெரிய ஜெனோவா உள்ள படகையே கேட்டு வாங்குங்கள் என்றும் கட்டுரையாளர் சொல்கிறார். பிரிஸ்பேனில் இருந்துகொண்டு மோர்ட்டன் வளைகுடாவிலும் விட்சண்டேயிலும் கணவரோடு இரண்டே பேராகப் பல வருடமாகப் பாய் விரிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இது தவறான யோசனை. புதிதாகப் போகிற குடும்பங்களுக்கு ஆபத்தான யோசனையும்கூட.

படகு பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எந்தப் பாய்மரப் படகாலும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. காற்றை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம், அப்புறம் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, திருப்பி மறுபக்கம் வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அந்தத் திருப்பத்துக்குத்தான் டேக் அடிப்பது என்று பெயர். ஜெனோவா என்பது பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் நீளும் முன்பாய். ஒவ்வொரு டேக்கிலும் பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றை ஒரு பக்கத்து வின்ச்சிலிருந்து, அதாவது கயிறு சுற்றும் உருளையிலிருந்து, விடுவிக்க வேண்டும், அவ்வளவு பெரிய துணியும் படபடவென்று அடித்துக்கொண்டு பாய்மரத்தை உரசி அந்தப் பக்கம் போகும், அது காற்றில் நிரம்புவதற்குள் மறுபக்கத்து ஷீட்டைக் கைகொண்ட மட்டும் இழுத்துவிட வேண்டும், மிச்சத்தை வின்ச் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். நாற்பதடிப் படகில், 20 நாட் காற்றில் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்), அந்தக் கயிற்றுக்கும் வின்ச்சுக்கும் நடுவே விரல் மாட்டினால் நசுங்கிவிடும். அடித்துக்கொள்ளும் கயிற்றின் முடிச்சு முகத்தில் பட்டாலும் காயம்தான்.

செல்ஃப் டேக்கிங் ஜிப்பில் இது எதுவும் இல்லை. பாய் பாய்மரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடும். படகின் குறுக்கே லேசாக வளைந்த ஒரு ட்ராக், அதில் ஓடும் கார் என்கிற ஒரு சின்ன நகரும் கட்டை, அதன் வழியாகப் பாயின் பின்மூலைக்குப் போகும் ஒரே ஒரு ஷீட், அவ்வளவுதான். சுக்கானைத் திருப்பினால் காற்றே பாயை அந்தப் பக்கம் தள்ளும், ஜன்னல் திரை கம்பியில் நகர்வதுபோல கார் மறுபக்கம் போய் நிற்கும். யாரும் கயிற்றைத் தொட வேண்டாம்.

ஒற்றை உடல் படகைவிடக் கேட்டமரானில் இதற்கு மதிப்பு அதிகம். வேகத்தைத் தக்கவைக்க அடியில் கீல் என்கிற கனமான ஈய எடை கிடையாது, இரண்டு நீளமான உடல்களையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், மேலே கேபின் முழுக்கக் காற்றை வாங்குகிறது. அதனால் திருப்பத்தின் நடுவில் வேகம் சட்டென்று செத்துப்போகும். சுக்கான் பிடிப்பவரின் கவனம் வின்ச் பக்கம் ஒரு நொடி போனாலும் படகு காற்றின் முகத்திலேயே சிக்கி நின்றுவிடும். விட்சண்டேயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் தென்கிழக்குக் காற்றுதான். கரையோர ஊரான ஏர்லி பீச்சிலிருந்து ஹாமில்டன் தீவுக்குப் போகிற வழி கிட்டத்தட்ட அதற்கு எதிரே. மூன்று நான்கு மீட்டர் ஏறி இறங்கும் ஓதம் வேறு. நீரோட்டம் காற்றுக்கு எதிராகத் திரும்பிவிட்டால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும், ஒவ்வொரு அலையும் படகை நிறுத்தப் பார்க்கும். அந்த இடத்தில் திரும்பத் திரும்ப டேக் அடிக்க வேண்டும். வாடகைப் படகுக்கு அங்கே லைசென்ஸ் கேட்பதில்லை, புறப்படும் முன் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஆக, வருகிற குடும்பத்தில் ஒருவருக்கு ஓரளவு தெரிந்திருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் ஜெனோவாவைக் கொடுக்கச் சொல்வது எப்படி நியாயம்?

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஒருவர் தனியாகப் படகைத் திருப்பி அவரிடம் கொண்டுபோக வேண்டும். நான் சின்ன உருவம், என் கைப்பலத்துக்குப் பெரிய ஜெனோவாவைக் காற்றில் தனியாகச் சமாளிக்க முடியாது, என்னைப் போல எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். தானே மாறும் பாய் இருக்கும் படகில், சுக்கானில் நின்றபடியே என்னால் திருப்ப முடியும். கணவர் தூங்கும்போது என் காவல் நேரத்தில் அவரை எழுப்பாமல் டேக் அடிக்க முடிகிறது. இதைச் சோம்பல் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வேகம் போய்விடுமே என்பார்கள். காற்று பத்து நாட் வேகத்துக்குக் கீழே இருந்தால் ஓரளவு உண்மை, ஜெனோவாவின் அந்தக் கூடுதல் துணி அப்போது உதவும். ஆனால் காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, 10 நாட் காற்றைவிட 20 நாட் காற்றில் நாலு மடங்கு. அதனால் 18, 20 நாட் காற்றில் ஜெனோவாக்காரர்கள் பாயைச் சில சுற்று சுருட்டிக்கொண்டுதான் போகிறார்கள். சுருட்டிய பெரிய பாயின் வயிறு கெட்டுப்போகும், எங்கள் சின்ன பாய் தைத்த வடிவத்திலேயே நிற்கும். எதிர்க்காற்றில் யார் முன்னால் போகிறார்கள் என்று அங்கே பார்க்க வேண்டும்.

இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வுலங்காங் பக்கத்தில் தொடங்கிப் பிற்பாடு வியட்நாமில் கட்ட ஆரம்பித்த சீவிண்ட் நிறுவனம், தன் 1000, 1160 படகுகளில் ரொம்ப முன்பே இதை வைத்துவிட்டது. பிரான்சின் லகூன் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த 42 மாடலில் பாய்மரத்தையே பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார்கள். முன்னால் இடம் அகலமானதால் தானே மாறும் பாயும் ஒழுங்கான அளவில் கிடைத்தது. பழைய படகில் ஒரு ட்ராக்கை மட்டும் பூட்டினால் போதுமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். பாய்மரம் முன்தள்ளி நிற்கும் படகில் பாய் கைக்குட்டை அளவுக்குத்தான் வரும், அந்த ட்ராக்கின் இழுவையைத் தாங்கக் கீழே பலமான அமைப்பும் வேண்டும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, விற்கிறவர்கள் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. காற்று பின்பக்கமாக வரும்போது இந்தப் பாய் பலவீனமாகிவிடும். கார் ட்ராக்கின் ஓரத்தில் முட்டி நின்றுவிடும், ஷீட்டை அதற்கு மேல் தளர்த்தினால் பாயின் மேல்பாதி திறந்துகொண்டு காற்றைக் கொட்டிவிடும். ஒரு கப்பியும் ஒரு உதிரிக் கயிறும் போட்டுப் பாயின் மூலையைப் படகின் வெளி ஓரத்துக்கு இழுத்துக் கட்டினால், பார்பர் ஹாலர் என்று சொல்வார்கள், பெருமளவு சரியாகும். நேர் பின்காற்றில் அதுவும் உதவாது, பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய மெயின் பாயின் நிழலில் ஜிப் தொங்கும். அதற்குத்தான் கோட் ஜீரோ மாதிரி மெல்லிய பெரிய பாய். லகூன் 42இல் ஜிப் சுமார் 35 சதுர மீட்டர், கோட் ஜீரோ 67. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தப் பாய் இல்லாமல் செல்ஃப் டேக்கிங் படகை வாங்குகிறவர்கள் லேசான காற்றில் எஞ்சினைப் போட்டுக்கொண்டு போவார்கள், அப்புறம் பாய் மேல் குறை சொல்வார்கள். பட்ஜெட்டில் சோபாத் துணிக்கு ஒதுக்குகிற பணத்தை முதலில் இதற்கு ஒதுக்கலாம்.

இன்னொரு விஷயம் திருப்பத்தில் சிக்கிக்கொள்வது. ஜெனோவா இருந்தால் பழைய பக்கத்து ஷீட்டைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்து, பாயில் காற்றை மறுபுறமாக வாங்கி, அணியத்தைத் தள்ளிவிடலாம். தானே மாறும் பாயில் கார் ஓடிவிடுவதால் அந்த வழி இல்லை. காருக்குக் கட்டுப்பாட்டுக் கயிறு இருக்கும் படகுகளில் மட்டும் அதைப் பழைய பக்கமே பிடித்து நிறுத்தி இதைச் செய்யலாம். ஆகவே டேக் அடிக்கும் முன் காற்றிலிருந்து கொஞ்சம் விலகி வேகம் எடுங்கள், சுக்கானை வெடுக்கென்று ஒடிக்காமல் ஒரே சீராகத் திருப்புங்கள், அணியம் காற்றைத் தாண்டும் நேரத்தில் மெயின் ஷீட்டைத் தளர்த்துங்கள், ஏனென்றால் இறுக்கிய மெயின் பாய் படகை மறுபடி காற்றின் முகத்துக்கே தள்ளும். அப்படியும் நின்றுவிட்டால் படகு பின்னால் போகத் தொடங்கும், அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை மறக்காதீர்கள். கூச்சப்படாமல் ஒரு பக்கத்து எஞ்சினைப் போடலாம். இரண்டு எஞ்சினும் அத்தனை அகலத்தில் தள்ளி இருப்பதால் படகு உடனே திரும்பும்.

அங்கே போகும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. மரினாவில் படகை ஒப்படைக்கும்போது ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் காட்டுவார்கள், அதோடு நிற்காமல் அந்த ட்ராக்கையும் காட்டச் சொல்லுங்கள். காரைக் கையால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தள்ளிப் பாருங்கள், உப்பும் மணலும் சேர்ந்து கார் மக்கர் பண்ணினால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் தரச் சொல்லுங்கள், லேசான காற்றில் பாய் மாறாமல் அடம்பிடிப்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் அதுதான். எத்தனை நாட் காற்றில் எவ்வளவு பாயைக் குறைக்க வேண்டும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கிச் சுக்கான் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், கேட்டமரான் மற்ற படகு மாதிரி சாய்ந்து எச்சரிக்காது. நங்கூரம் போடும் இடத்தை விட்டு வெளியே வந்ததும், திறந்த தண்ணீரில், குடும்பத்தில் படகே ஓட்டாத அந்த ஒருவரைச் சுக்கானில் நிறுத்தி டேக் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பிரிஸ்பேன்