ஆன்டிபாடி கூடினால் நோய் ஓடிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவ இணைப்பில், 'ரத்தத்தில் ஆன்டிபாடி கூடக் கூட எந்த ஒட்டுண்ணியும் உடலைவிட்டு ஓடும்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அரசு ஆய்வகத்தில் ஸ்லைடு பார்த்து ஓய்வுபெற்றவள் நான். படித்ததும் என் தம்பி ஞாபகம்தான் வந்தது.

பீகாரில் சமஸ்திபூர் பக்கம் வேலையிலிருந்தவன், விடாத காய்ச்சலோடும் வீங்கிய மண்ணீரலோடும் ஊர் திரும்பினான். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "குளோபுலின் (ஆன்டிபாடி எனும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய ரத்தப் புரதம்) நிறைய இருக்கிறது, எதிர்ப்பு சக்திக்குக் குறைவில்லை" என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவன் நாளுக்கு நாள் உருகிப்போனான். எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்த பிறகுதான், மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோயான காலா அசார் என்று தெரிந்தது. அந்த நோயில் குளோபுலின் எகிறுவதே நோயின் அடையாளம். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தில் ஃபார்மலின் விட்டு, அது வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல உறைகிறதா என்று பார்த்தே நோயைக் கணித்த காலம் உண்டு.

அத்தனை ஆன்டிபாடி இருந்தும் ஒட்டுண்ணி ஏன் சாகவில்லை? காலா அசாரை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி குடியிருப்பது, கிருமிகளை விழுங்கிக் கொல்ல வேண்டிய மேக்ரோபேஜ் அணுக்களுக்குள். வெளியே வரும் ஒட்டுண்ணியின் மேல் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி ஒட்டினால், அடுத்த மேக்ரோபேஜின் மேற்பரப்பில் ஆன்டிபாடியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகள் அந்த ஆன்டிபாடியைப் பற்றி ஒட்டுண்ணியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அந்தப் பிடிப்பே இன்டர்லூகின்-10 என்ற, எதிர்ப்பைத் தணிக்கும் புரதம் சுரக்கவும் தூண்டுகிறது. அது சுரந்தால் மேக்ரோபேஜின் கொல்லும் வேகம் மட்டுப்படும். எஃப்சி ஏற்பிகள் சரிவர இயங்காத எலிகளுக்குச் சில வகை லீஷ்மேனியாவைச் செலுத்தியபோது புண் சிறிதாகவே இருந்தது. ஆன்டிபாடியே இல்லாத எலிகளுக்கு ஐஜிஜி கொடுத்தபோது புண் பெரிதானது. இவை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே வெளிவந்துவிட்ட ஆய்வுகள். உங்கள் மருத்துவப் பகுதிக்குத் தெரியாதவை அல்ல. எல்லா ஒட்டுண்ணிக்கும் இதே கதை என்று நான் சொல்லவில்லை. மலேரியாவில் ஆன்டிபாடி உயிரைக் காப்பாற்றவும் செய்கிறது. அதனால்தான் 'எந்த ஒட்டுண்ணியும்' என்ற உங்கள் சொல் பொறுக்கவில்லை.

கொரோனா காலத்தில் ஆன்டிபாடி அளவு பார்க்கும் பேக்கேஜ் விளம்பரங்களை வாராவாரம் போட்டீர்கள். அந்த எண்ணை நம்பி மாஸ்க்கைக் கழற்றியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. சென்னை தினச் சிறப்பிதழில் உணவகங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. 1903-இல் இதே ஊரின் அரசுப் பொது மருத்துவமனையில் காலா அசார் ஒட்டுண்ணியைக் கண்டறிந்த சார்லஸ் டோனவனுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. ரொனால்ட் ராஸ் அதற்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயரிட்டது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? பல வருடச் சந்தாதாரர் என்ற உரிமையில் வருத்தப்படுகிறேன்.

நான் கேட்பது ஒரு திருத்தம். அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் போடுங்கள். பீகார், ஜார்க்கண்ட் பக்கம் இருந்து வந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் இருந்தால் அரசு மருத்துவமனையில் காலா அசாருக்குச் சோதிக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். காலா அசாருக்கான ஆன்டிபாடி ரத்தத்தில் உண்டா என்று பார்க்கும் ஆர்கே-39 சோதனை, நோய் குணமான பிறகும் நெடுநாள் பாசிட்டிவ் காட்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இடம் போதாதென்றால் இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம், திருத்தம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர், தாம்பரம்