வெட்கத்தை விட்டுக் கேள், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வேலூர் பஸ் ஸ்டாண்டில் ராணிப்பேட்டை பஸ்ஸுக்காக நின்றபோது நீ சொன்னது நாலு நாளாக எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஜெபத்தில அதையே திரும்பத் திரும்பக் கேட்க வெட்கமா இருக்குக்கா. அவருக்குத் தெரியாதா என்ன?" என்றாய். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. போனில் கேட்டபோது, பேர் போடாமல் எழுதுங்கள், என்னை மாதிரி இருக்கிறவங்களும் படிக்கட்டும் என்றாய். சரி, எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனியில் வேலை போய் ஐந்து மாதம். வாடகை மூன்று மாத பாக்கி, அடகில் இருக்கும் வளையலுக்கு வட்டி, பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ். மொத்தம் 38,000 ரூபாய். இதையெல்லாம் என்னிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னாய். ஜெபத்தில் மட்டும் "எங்கள் தேவைகளைச் சந்தியும் ஆண்டவரே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். என்னிடம் சொன்ன கணக்கை அவரிடம் ஏன் மறைக்கிறாய்?

லூக்கா 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். நடுராத்திரியில் ஒருவன் சிநேகிதன் வீட்டுக்குப் போய்க் கேட்கிறான். ஏதாவது இருந்தால் கொடு என்று இழுக்கவில்லை, மூன்று அப்பம் என்று எண்ணிக்கையோடு கேட்கிறான். உள்ளே கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் படுத்தாயிற்று. ஆனாலும் அவன் வருந்திக் கேட்பதினிமித்தம் எழுந்து கொடுப்பான் என்கிறார் இயேசு. வருந்திக் கேட்பது என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் 'அனைதெயா'. வெட்கம் பார்க்காமை என்று அர்த்தம். நீ எதைச் சொல்லி ஒதுங்குகிறாயோ, அதையே விட்டுவிட்டு வரச் சொல்கிறார்.

அவருக்குத் தெரியும்தான். பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்று எரிகோ வழியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவன் இயேசுவைக் கூப்பிட்டபோது சும்மா இரு என்று அதட்டினார்கள், அவன் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். நின்று அவனை அழைத்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் இயேசு. அவன் தன் வாயால் சொல்வதைக் கேட்க அவருக்கு ஆசை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

என் அம்மாவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. குடியாத்தத்தில் பீடி சுற்றினார். மடியில் முறம், கை இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே இருக்கும், வாய் ஜெபித்துக்கொண்டே இருக்கும். எங்கள் கூரை கீற்று. மழை வந்தால் பாத்திரம் வைக்க இடம் தேடுவோம். அம்மா ஒரு மேஸ்திரியை அழைத்து அளந்து பார்த்து, அன்றிலிருந்து "ஆண்டவரே, 14 ஷீட்" என்று கேட்க ஆரம்பித்தார். தினமும் அதே எண். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போனது. அதற்கு அப்புறம் அண்ணன் வேலை செய்த இடத்தில் பழைய கொட்டகையைப் பிரித்து ஷீட்டை மலிவாகக் கொடுத்தார்கள். வண்டியில் வந்தது 12. அம்மா தொட்டுத் தொட்டு எண்ணினார். அன்று ராத்திரி 12க்கு நன்றி சொன்னார். மறுநாள் விடியற்காலையில் "ஆண்டவரே, 2 ஷீட்" என்று ஆரம்பித்தார். அந்தக் குரலை நான் மறக்கவே இல்லை.

தட்டின கதவெல்லாம் உடனே திறக்கும் என்று உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பிறந்தது உன் ராணிப்பேட்டையில்தான், 1870இல். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கூப்பிட்டார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண் வைத்தியர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900இல் வேலூருக்கு வந்தார், 1902இல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நமக்குப் பதில் வந்தது. அந்த மூன்று பெண்களுக்கு வரவில்லை. அந்த வீடுகளிலும் யாராவது கடவுளைக் கூப்பிட்டிருப்பார்கள். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போஸ்தலர் பவுலும் தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன வேதனையை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை, கிருபை போதும் என்ற வார்த்தை வந்தது. அதனால் உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரர் சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவதை விட்டுவிட வேண்டாம் என்று சொல். நீ ஒரு நோட்டில் வாடகை, வட்டி, ஃபீஸ் என்று தனித்தனியாக எழுதி வைத்துக் கேள். அழுகை வந்தால் அழு, பிள்ளை கேட்டு ஜெபித்த அன்னாளும் அழுதாள்.

நான் நாலரைக்கு எழுந்துவிடுவேன். நாளையிலிருந்து 38,000 என்றே சொல்லப்போகிறேன். பெரியவளுக்கு ஃபீஸ் கட்டிவிட்டால் போன் பண்ணு, தொகையைக் குறைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா