ஒவ்வாமையின் பெயரால் பிள்ளைகளின் தட்டைப் பறிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வாமைக்கு ‘ஃபங்க்ஷனல் மெடிசின்’ முறையில் தீர்வு காண்பது பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தும்மலையும் இழுப்பையும் மாத்திரையால் அடக்குவதோடு நின்றுவிடாமல், நோயாளியின் உணவு, உறக்கம், குடல்நலம், வீட்டுச் சூழல் அனைத்தையும் விசாரித்து மூல காரணத்தைத் தேட வேண்டும் என்பது 1990-களில் அமெரிக்காவில் வேரூன்றிய இம்முறையின் அடிப்படை. தண்டையார்பேட்டையில் ஆசிரியையாகப் பணிபுரியும் நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால், அதே பெயரில் எங்கள் பகுதிப் பெற்றோர்களிடம் விற்கப்படும் சில சோதனைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வடசென்னைக்கு அந்த விசாரிப்பு மிக அவசியம். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகளில், கொசுவுக்குப் பயந்து சன்னலை அடைத்துவிட்டுச் சுருள் கொளுத்துகிறார்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கடற்காற்றின் ஈரத்தில் இலவம்பஞ்சுத் தலையணைகளில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் செழிக்கின்றன. சாக்கடையிலிருந்து கரப்பான்கள் ஏறி வருகின்றன. வெளியே மணலி ஆலைகள், எண்ணூர் அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை, துறைமுகத்துக்கு ஓயாமல் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை இவை மேலும் உறுத்துகின்றன. இவற்றில் எதையும் கேட்டறியாமல் தும்மலை அடக்கும் செட்ரிசின் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதமும் அதே பிள்ளை அதே வரிசையில்தான் நிற்கும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் வாழும் எங்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்ற புரதத்தை ஒத்த புரதங்கள் தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் உள்ளன. அதனால்தான் தூசி ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இறாலோ சென்னாக்கூனியோ சாப்பிட்டதும் உதடு தடிக்கிறது. மீன் ஒவ்வாமையைத் தூண்டுவதோ பெரும்பாலும் பார்வல்புமின் என்ற வேறொரு புரதம். ஆகவே இறால் ஆகாதவர் மீனையும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். வேரைத் தேடுவது என்றால் இப்படித் துல்லியமாகத் தேட வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றை என் வகுப்பிலேயே பார்த்தேன். சத்துணவு முட்டையைத் தொடாமல் தள்ளி வைத்த ஒரு மாணவனிடம் காரணம் கேட்டபோது, மறுநாள் அவன் தாய் ஓர் ஆய்வக அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். முட்டை, பால், கோதுமை, பருப்பு, தக்காளி என வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு உருவாக்கும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளந்து எடுத்த அறிக்கை அது. சுமை தூக்கும் கணவரின் கூலியிலிருந்து அதற்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். கூடவே குடலைச் சுத்தம் செய்யும் பொடி டப்பாக்களும் வாங்கியிருக்கிறார்கள். ஒரு உணவை வழக்கமாகச் சாப்பிடுகிறோம் என்பதற்கான அடையாளமே ஐ.ஜி.ஜி.; அதை வைத்து ஒவ்வாமையை முடிவு செய்யக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. உடனடி ஒவ்வாமையைக் கண்டறிய உதவுவது தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ஐ.ஜி.இ. என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனையும்; அவற்றையும் நோயாளி சொல்லும் வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையையும் பாலையும் பருப்பையும் ஒருசேரப் பறிப்பதை எந்த மருத்துவத்தின் பெயராலும் ஏற்க முடியாது.

உணவின் மீது உண்மையான சந்தேகம் இருந்தால், மருத்துவரின் மேற்பார்வையில் அந்த ஓர் உணவை மட்டும் சில வாரங்கள் நிறுத்தி, பிறகு மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம். முன்பு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தவர்களுக்கு இதை வீட்டில் செய்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து; அப்படித் திணறலோ மயக்கமோ வந்தால் உடனடியாகத் தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. ‘பழகிவிடும்’ என்று பயந்து இன்ஹேலரை நிறுத்துவதும் ஆபத்தே. அதில் உள்ள மருந்து மைக்ரோகிராம் அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வது. மருத்துவர் சொல்லாமல் அதைக் கைவிடச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் மாலையாவது ஒவ்வாமை, இழுப்பு நோயாளிகளுக்கென ஒதுக்கி, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அரை மணி நேரம் அமர்ந்து இந்த விவரங்களையெல்லாம் கேட்டு எழுதும் ஏற்பாட்டை மாநகராட்சி செய்ய வேண்டும். 2021 முதல் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், படுக்கை அருகே புகையும் சுருளையும் சுவரின் பூஞ்சையையும் குறித்து வந்தால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும். அரசு மருத்துவமனைகளில் தோல் சோதனை எங்கே, எந்த நாளில் செய்யப்படுகிறது என்பதைப் பள்ளி அறிவிப்புப் பலகைகளில் எழுதிப் போட்டால், பெற்றோர் தனியார் ஆய்வகங்களை நாடுவதற்கு முன் அங்கே செல்வார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.