அரசு வாங்கும் பொருள்களின் ஆயுள் செலவையும் டெண்டரில் கணக்கிட ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பண்டகக் காப்பாளர்,
(அரசு மருத்துவமனை)
திண்டுக்கல்.

பெறுநர்
நிதித்துறைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம்,
சென்னை - 600 009.

பொருள்: அரசு மருத்துவமனைகள், பள்ளிகள், அலுவலகங்களுக்கான கொள்முதல் – டெண்டர் மதிப்பீட்டில் மின்செலவு, பராமரிப்பு, கழிவை அகற்றும் செலவு ஆகியவற்றையும் சேர்க்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் ஸ்டோரில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மின்விசிறி, டியூப்லைட், பினாயில், பேப்பர், யுபிஎஸ் பேட்டரி, மெத்தை என்று வந்த சாமான்களை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றியதும் நான்தான், அவை பயன்படாது என்று ஒதுக்கப்பட்டுப் பின்கட்டில் குவிந்தபோது ஏலத்துக்குப் பட்டியல் எழுதியதும் நான்தான். ஒரு பொருள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சேர்த்துப் பார்க்கிற இடம் அரசாங்கத்தில் ஸ்டோர் ஒன்றுதான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான். டெண்டரில் வந்த விலைகளை ஒப்பிடும்போது, அந்தப் பொருள் ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ளும் மின்சாரம், அதன் பராமரிப்பு, கடைசியில் அதைப் பாதுகாப்பாக அகற்றும் செலவு ஆகியவற்றையும் ரூபாய்க் கணக்கில் கூட்டி, அந்த மொத்தத்தில் எது குறைவோ அதையே வாங்க வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் ஓர் அரசாணை வேண்டும்.

இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, கண்ணை மூடிக்கொண்டு விலை குறைந்ததை எடு என்று சொல்லவில்லை. டெண்டர் ஆவணத்தில் குறிப்பிட்ட, அளவிடக்கூடிய காரணிகளை வைத்து, அவற்றுக்கு உரிய மதிப்பைக் கொடுத்து, அதன்படி எது குறைந்த டெண்டர் என்று கண்டறியச் சொல்கிறது. யூனிட் கணக்கு அளவிடக்கூடியது. பேட்டரியின் எடையும் அளவிடக்கூடியது. இடம் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அந்த இடத்தை நிரப்ப அலுவலகங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அந்தத் துணிச்சல் ஏன் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்-1, அதாவது டெண்டரில் மிகக் குறைவாக வந்த விலையை எடுத்துவிட்டால் எந்த ஆடிட்டிலும் கேள்வி வராது. நூறு ரூபாய் கூடுதலாக உள்ள நல்ல பொருளை எடுத்தால், “குறைந்த விலை ஏன் நிராகரிக்கப்பட்டது?” என்று தணிக்கைக் குறிப்பு வரும். அதற்கு விளக்கம் எழுதி, அது தீரும்வரை ஓய்வூதியப் பலன்கள் நிற்குமோ என்று பயந்த ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம், மலிவாக வாங்கிய சாதனம் பத்து ஆண்டுகள் மின்கட்டணத்தை ஏற்றிக்கொண்டே இருந்தாலும் வாங்கியவரை யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் வாங்குவது ஒரு கணக்குத் தலைப்பு, மின்கட்டணம் வேறொரு கணக்குத் தலைப்பு. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும்படி மேலிருந்து உத்தரவு வந்தால், கீழே இருக்கிற இளநிலை உதவியாளர்கூட நிம்மதியாகச் சரியான பொருளைப் பரிந்துரைப்பார்.

மின்விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனுக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயம். வழக்கமான அளவில் ஒரு நட்சத்திர விசிறி ஏறத்தாழ 50 வாட் எடுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் பொருத்திய ஐந்து நட்சத்திர விசிறி 30 வாட்டை ஒட்டி ஓடும். வித்தியாசம் 20 வாட். கேட்டால் சின்ன எண். ஆனால் மருத்துவமனை வார்டில் விசிறி நிற்பதே இல்லை. ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு விசிறியில் மட்டும் 160 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் 1,280 ரூபாய். விலையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல் கொடுத்திருந்தாலும் ஒன்றேகால் ஆண்டுக்குள் அது திரும்பி வந்துவிடும். பகலில் மட்டும், வேலை நாள்களில் மட்டும் ஓடும் அலுவலக விசிறிக்கு ஆண்டில் 2,000 மணி நேரம்தான் கணக்கு. அங்கே அதே பணம் திரும்ப நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே எல்லா இடத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பொருள் எங்கே, எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்பதை இண்டென்டில் (தேவைப் பட்டியலில்) எழுதச் சொல்லுங்கள், மிச்சத்தைக் கணக்கே சொல்லிவிடும். வார்டுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் 75 வாட் பழைய விசிறிகளை மாற்றினால் மிச்சம் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்த யூனிட்டுகளில் பலவற்றுக்கு எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ நிலக்கரி எரிந்து சாம்பல் விழுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. செத்துப்போன ஈய-அமில பேட்டரிகளை ஏலம் விடும்போது, அதிக விலை கேட்டவருக்கே கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதிக விலை கேட்பவர் யார்? எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஏதோ ஒரு கொட்டகையில் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றிவிட்டு, ஈயத்தை உருக்குபவருக்குச் செலவு குறைவு, அதனால் அவரால் அதிகம் கேட்க முடியும். விதிப்படி மறுசுழற்சி செய்பவரால் அந்த விலையைக் கொடுக்க முடியாது. ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது மருத்துவ உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம். நோய் தீர்க்கிற மருத்துவமனையே அதற்குச் சரக்கு அனுப்பலாமா? பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளும் 2022லேயே வந்துவிட்டன. பயன்படுத்தி முடித்த பொருளுக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு என்பது அவற்றின் அடிப்படை. ஆகவே வாங்கும்போதே, “ஆயுள் முடிந்ததும் நீங்களே திரும்ப எடுத்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்து, சான்றிதழ் தர வேண்டும்” என்ற நிபந்தனையை டெண்டரில் போட்டுவிடலாம். கணினி, பிரிண்டர், டோனர், மாணவர்களுக்கு வழங்க அரசு மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கப்படும் மடிக்கணினி என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இது நடக்காது என்று சொல்பவர்களுக்கு டாஸ்மாக்கைக் காட்டலாம். 2022இல் நீலகிரியில், உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். காட்டிலும் நீரோடையிலும் உடைந்து கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. அரசு நிறுவனம் ஒன்று திரும்பப் பெறும் ஏற்பாட்டை நடத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அப்புறம் அரசு விழாக்கள், ஆய்வுக் கூட்டங்கள். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு இந்த மாநிலம் தடை விதித்தது. தண்ணீர்ப் பாக்கெட் அந்தப் பட்டியலில் உண்டு, தண்ணீர் பாட்டில் இல்லை. விளைவாக, மேடையில் மஞ்சப்பை பற்றிப் பேசுகிறோம், மேசையில் கால் லிட்டர் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. தடைப் பட்டியலில் பாட்டிலையும் சேர்க்கும் அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசுப் பணத்தில் சிறு பாட்டில் தண்ணீருக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் பில் அனுமதிக்கப்படாது என்று கருவூலத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், மறுநாளே கேனும் எவர்சில்வர் டம்ளரும் துணிப் பேனரும் வந்துவிடும். பில் நிற்கும் என்றால் எந்த அலுவலகமும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும். இது ஸ்டோரில் இருந்த எனக்கு நன்றாகத் தெரியும்.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலையைக் கரூர் மாவட்டத்தில் அரசே தொடங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் கண்டிப்பாக இருந்தால் சரி.

ஓர் எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் நிபந்தனை என்ற பெயரில் பெரிய கம்பெனிகள் மட்டுமே நுழையும்படி டெண்டர் எழுதிவிடக் கூடாது. மத்திய அரசு 1991லேயே சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்காக, மண்பானைச் சின்னத்தோடு ஈகோமார்க் முத்திரையைக் கொண்டுவந்தது. நான் பணியில் இருந்த காலம் முழுக்க அந்தப் பானையை எந்தப் பெட்டியிலும் பார்த்ததாக நினைவில்லை. வாங்குபவர் கேட்காத முத்திரைக்கு விற்பவர் ஏன் செலவு செய்வார்? 2024இல் அதற்குப் புது விதிகள் வந்திருக்கின்றன. ஆனால் முத்திரை வாங்க ஆகும் செலவை சிட்கோ தொழிற்பேட்டையில் நாலு பேரை வைத்து சோப்புத்தூள் தயாரிப்பவரால் உடனே தாங்க முடியாது. அவருக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் பரிசோதனை அறிக்கையே போதும் என்று முதல் சில ஆண்டுகளுக்கு விடலாம். துணிப்பை, பாக்குமட்டைத் தட்டு, கயிற்று மிதியடி போன்றவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்களிடமிருந்து வாங்க தனி ஒதுக்கீடும் வேண்டும்.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களை வாங்கும்போது குறிப்பிட்ட நட்சத்திர அளவு இருந்தாக வேண்டும் என்று விதி உண்டு. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களை அரசு வாங்குவதற்கென்று ஜப்பான் 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டது. அங்கே ஒவ்வொரு அமைச்சகமும் ஆண்டுதோறும் எதை வாங்கப்போகிறோம் என்று கொள்கை அறிவித்து, ஆண்டு முடிவில் என்ன வாங்கினோம் என்று வெளியிட வேண்டும். வெளியிடுவது என்ற அந்த ஒன்றைத் தமிழ்நாட்டிலும் கட்டாயமாக்குங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் பொதுமக்கள் கண்ணில் பட்டால் போதும்.

ஆகவே, மேற்சொன்ன அரசாணையைப் பிறப்பித்து, அதன்படி கணக்கிட்டு வாங்கிய பொருளுக்கு “விலை கூடுதல்” என்ற ஒரே காரணத்துக்காகத் தணிக்கைக் குறிப்பு எழுதப்படாது என்பதை அதிலேயே தெளிவாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்றால், வரும் நிதியாண்டில் அரசு மருத்துவமனைகளின் விசிறி, விளக்கு, குளிர்சாதனம், பேட்டரி ஆகிய நான்கிலிருந்து தொடங்கலாம். டெண்டர் ஆவணத்தில் சேர்க்கக்கூடிய மாதிரிக் கணக்குத் தாள் ஒன்றைத் தயாரித்து இத்துடன் இணைத்துள்ளேன். அழைத்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

இடம்: திண்டுக்கல்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பண்டகக் காப்பாளர்

இணைப்பு: ஆயுள் செலவு மாதிரிக் கணக்குத் தாள்
நகல்: சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறைச் செயலாளர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை.