துளையோடு கரையையும் அளக்கச் சொல்லுங்கள்

செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகளுக்கு இதய முகாம் நடத்தும் அறக்கட்டளைப் பெரியவர்களுக்கு வணக்கம்.

முகாம் சீட்டில் 'ஏ.எஸ்.டி., 12 மி.மீ.' (இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் 12 மி.மீ. ஓட்டை) என்று மட்டும் எழுதியிருந்தால், அதை வைத்து நெஞ்சைத் திறக்காமல் ஓட்டையை அடைக்கலாமா என்று யாராலும் சொல்ல முடியாது. மேலறைச் சுவரின் நடுவே இருக்கும் 'செகண்டம்' வகை ஓட்டைக்கே டிவைஸ் பொருந்தும். நிக்கல்-டைட்டானியம் கம்பியில் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவில் குறுகிய இடுப்பு, அவ்வளவுதான் டிவைஸ். தொடை மடிப்பு ரத்தக்குழாய் வழியே மடங்கிப் போய், இடது மேலறையில் ஒன்றும் வலது மேலறையில் ஒன்றுமாக விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும்.

கவ்வச் சதை வேண்டுமே! ஓட்டையைச் சுற்றி 5 மி.மீ. கரை தேவை. மகாதமனி (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) பக்கம் குறைந்தால் பல நேரம் சமாளிக்கலாம். கீழ்ப்பெருஞ்சிரை (உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) பக்கம் கரையே இல்லாவிட்டால் டிவைஸ் நழுவிவிடும். நழுவுமோ என்று பெரிய அளவாகப் போட்டால் மகாதமனிச் சுவரை அரிக்கும். அந்தப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சையில் ஓட்டையைத் தைத்து மூடுவதுதான் நல்லது. அதையும் இப்போது வலது அக்குளுக்குக் கீழே சிறு வெட்டில் செய்கிறார்கள்.

ஆகவே எக்கோ எனும் இதய ஸ்கேனுக்குக் குழந்தைகளுக்கான புரோபும் (நெஞ்சில் வைத்துப் பார்க்கும் முனை), குழந்தை எக்கோ தெரிந்த மருத்துவரும் இல்லாமல் முகாம் வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் ஆக்சிமீட்டர் 98 காட்டியது என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். நல்ல ரத்தம் இடமிருந்து வலமாகக் கசிவதால் இந்த வகையில் அளவு சரியாகவே இருக்கும்.

பிள்ளை நன்றாக வளர்கிறது என்றால் 15 கிலோ வரும்வரை பொறுக்கலாம். 'வயசுக்கு வரட்டும்' என்று ஆச்சிமார் சொல்வதற்காக ஆண்டுக்கணக்கில் தள்ளக்கூடாது. சிலருக்கு நுரையீரல் அழுத்தம் ஏறிவிடும். மிகவும் ஏறிய பிறகு ஓட்டையை அடைப்பதே ஆபத்து.

சொத்தைப் பல்லை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அதிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து டிவைஸில் ஒட்டும். அடைத்தபின் பொதுவாக 6 மாதம் ஆஸ்பிரின், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 மி.கி. அந்த மாதங்களில் அம்மை, ஃப்ளூ காய்ச்சல் கண்டால் மாத்திரையைத் தொடருமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே எக்கோ.

சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு முதல் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு எனப் போய்வரும் செலவுக்கும், அன்று போகும் கூலிக்கும் எந்த அட்டையும் இல்லை. பந்தலையும் பிளெக்ஸையும் குறைத்து, ஆறாம் மாத எக்கோவுக்கு வண்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தை இதய சிகிச்சைப் பணியில் இருப்போர்