மூன்று வேலை மிசினும் ஒரு குறியீட்டு எண்ணும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லேத் (கடைசல்), மில்லிங் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது), ட்ரில் (துளையிடுவது) மூன்றும் ஒன்றாக உள்ள மிசினுக்கு விலை கேட்ட சிலரை, "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லி அனுப்பினோம். அதில் ஒருவருக்கு நல்ல கோபம். "விலை சொல்லத் தெரியாத கடையா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. காரணத்தை எல்லோருக்குமாக ஒருமுறை எழுதிவிடுகிறோம்.

வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சாமானுக்கும் சுங்கத்தில் ஒரு குறியீட்டு எண் போட வேண்டும். முதல் ஆறு இலக்கமும் 1988 முதல் பல நாடுகளுக்கும் பொது. நம் இலங்கையில் அதை எட்டு இலக்கமாக நீட்டியிருக்கிறார்கள். தீர்வை, செஸ் வரி எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். தீர்வை கூடினால் அதற்கு மேல் கணக்குப் போடும் 'வற்' வரியும் (பெறுமதி சேர் வரி) கூடும். 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமான பிறகு எண் மாறினால் கை நன்றாகவே கடிக்கிறது.

ஒரே வேலை செய்யும் மிசினில் வில்லங்கம் இல்லை. எண்ணின் முதல் நான்கு இலக்கத்தை (இதைத் தலைப்பு என்பார்கள்) மட்டும் சொன்னால், லேத் 8458, மில்லிங்கும் ட்ரில்லும் 8459, கிரைண்டிங் 8460, இரும்பு அறுக்கும் வாள் மிசின் 8461. கோண இரும்பை வெட்டி அதிலேயே துளையும் குத்தும் மிசின் இரண்டு வேலை செய்தாலும் தலைவலி தராது. 'துளை குத்துவதும் வெட்டுவதும் சேர்ந்தது' என்று 8462இல் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் 'முதன்மையான வேலை எது' என்ற கேள்வியில் வந்து நிற்கும். பல வேலை செய்யும் மிசினை அதன் முதன்மை வேலையை வைத்துத்தான் வகைப்படுத்த வேண்டும் என்பது விதி. அதைப் பிரித்துச் சொல்லவே முடியாவிட்டால், பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுப்பார்கள். விற்பவர் என்ன பெயர் வைத்தார் என்பது கணக்கிலேயே வராது.

இதை நாங்கள் காசு கொடுத்துத்தான் படித்தோம். ஒருமுறை இப்படி ஒரு மூன்று வேலை மிசினை இறக்கினோம். அனுப்பியவர் இன்வொய்ஸில் 'மெஷினிங் சென்டர்' என்று பெரிதாகப் போட்டிருந்தார். நாங்களும் யோசிக்காமல் மெஷினிங் சென்டருக்கு உரிய 8457 என்று கணக்குப் போட்டு வாடிக்கையாளருக்கு விலை சொல்லிவிட்டோம். பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "டூல் மேகசின் எங்கே?" டூல்களை அடுக்கி வைக்கும் மேகசினும் இல்லை, ஒன்றும் இல்லை. வேலைத் துண்டைப் பிடிக்கும் 'சக்'கைத் திறக்கிற சாவி மட்டும் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. டூல் மாற்ற வேண்டுமென்றால் ஆள் போய் ஸ்பேனர் பிடிக்க வேண்டும்.

8457க்குப் போக வேண்டிய மெஷினிங் சென்டர், புரோகிராம் சொல்கிறபடி மேகசினிலிருந்து தானாகவே டூலை மாற்றிக்கொள்ள வேண்டும். லேத் வகைகளை அந்தத் தலைப்பு சேர்ப்பதே இல்லை. முழுக்கக் கணினியில் ஓடும் டேர்னிங் சென்டர் கூட 8458இல்தான். எங்களுடையதில் பெட், ஹெட்ஸ்டொக், கேரியேஜ் ஆகிய பாகங்கள் எல்லாம் லேத்துக்கு உரியவை. மில்லிங் தலை ஹெட்ஸ்டொக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. லேத் என்றே முடிந்தது. திருத்திய கடதாசி போய் வரும்வரை ஏறிய டெமரேஜை (துறைமுகத் தாமதக் கட்டணத்தை) நாங்களே கட்டினோம். கினிகத்தேனை வளைவுகளில் லொறி ஏறி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது, அந்த வியாபாரத்தில் எங்களுக்கு மிஞ்சியது அனுபவம்தான்.

இப்போது தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு. கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. ரோலரின் பல்லை இங்கேயே தீட்டிக்கொள்ள மிசின் கேட்கிறீர்கள். ரோலரைச் சுற்றி வளையமாகப் பள்ளம் இழுப்பது ஒரு வேலை. அதை லேத் மாதிரி, ரோலரைச் சுழலவிட்டு டூலால் செய்வது. குறுக்கே சாய்வாகப் பள்ளம் எடுப்பது இன்னொன்று. அது மில்லிங் கட்டர் செய்வது. இரண்டும் சேர்ந்தால்தான் பல். இதில் எது முதன்மை? பட்டறை பாஸ்மாரைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதனால் இந்த மிசினுக்கு மட்டும், சுங்கத் திணைக்களத்திடம் முன்கூட்டியே எழுத்தில் தீர்மானம் கேட்டு வாங்கிய பிறகுதான் விலை சொல்வோம்.

"தேயிலை மிசின் என்று போட்டுவிடுங்களேன்" என்று ஒரு டீமேக்கர் சொன்னார். ஐயா, அந்த மிசின் கொழுந்தைத் தொடப்போவதில்லை. அது தொடுவது உருக்கை. தொழிற்சாலைக்குள் நிற்பதால் அது தேயிலை மிசின் ஆகாது. இந்த மாதிரி எழுதி மாட்டிக்கொண்டால் அபராதம் எங்களுக்கு, மிசின் இல்லாமல் நிற்பது நீங்கள்.

அப்புறம், மிசினோடு வழக்கமாக வரும் சக் மிசினோடு போகும். கூடுதலாகக் கேட்கும் சக்குக்கு 8466 என்று தனி எண், ட்ரில் பிட்டுக்கும் கட்டருக்கும் 8207. எனவே உதிரிகளைத் தனி வரியில் எழுதிக் கேளுங்கள். கடைசி நேரத்தில் "அதையும் அந்தப் பெட்டியிலேயே போடுங்க" என்றால் கடதாசி எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

விலை கேட்கும்போது, அந்த மிசினில் அதிகம் செய்யப்போவது கடைசலா மில்லிங்கா என்று ஒரு வரி எழுதுங்கள். எதை வாங்கலாம் என்று சொல்ல எங்களுக்கு அது போதும். ஏதாவது கட்டலொக் பார்த்து வைத்திருந்தால், மோட்டார் வலுவும் டூல் மாற்றும் விதமும் இருக்கும் பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்புங்கள். குறியீடு அதிலிருந்துதான். மூன்று வேலை மிசினுக்கு இரண்டு நாளில் பதில் தருவோம். கோபித்துக்கொண்டு போனை வைத்தவருக்கும் விலை தயாராக இருக்கிறது, கடைப் பக்கம் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹட்டன் கடையிலிருந்து