கண்டன அறிக்கை எழுதும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சமுதாயச் சங்கங்கள், சமய அமைப்புகள், மொழி இயக்கங்கள், ரசிகர் மன்றங்கள் ஆகியவற்றின் மாவட்ட, ஒன்றிய, நகர நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஒரு மேடைப் பேச்சோ, படக் காட்சியோ, நாவலின் பக்கமோ உங்கள் மக்களைக் காயப்படுத்திவிட்டது என்று தெரிந்த அன்றே லெட்டர்பேடில் அறிக்கை தயாராகிறது. மறுநாள் எஸ்.பி. அலுவலக வாசலில் மனுவைக் கையில் பிடித்தபடி ஒரு புகைப்படம். அதற்கடுத்த நாள் ஆர்ப்பாட்டம். ஒரு மாதம் கழித்து அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இப்படிப்பட்ட மனுக்களையும் அவற்றிலிருந்து பிறக்கும் வழக்குகளையும் சட்டத்தின் பக்கமிருந்து கவனித்து வருகிறவர்கள் நாங்கள். உங்கள் காயம் பொய் என்று சொல்ல இதை எழுதவில்லை. பெரும்பாலும் அது உண்மையான காயம்தான். அதற்குப் பரிகாரம் கிடைக்காமல் போவதில் மனு எழுதப்படும் விதத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

‘எங்கள் மனம் புண்பட்டது’ என்ற வரியிலிருந்து தொடங்குவோம். அது இல்லாத மனுவே கிடையாது. பல மனுக்களில் அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. நீங்கள் நம்பும் சட்டப் பிரிவு பிறந்த கதையைப் பார்த்தால் கோளாறு எங்கே என்று விளங்கும். ஒரு மதத்தின் தலைவரை இழிவுபடுத்திய துண்டுநூலை வெளியிட்டவரை 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்றைய சட்டத்தில் அதற்குப் பொருந்தும் பிரிவு இல்லை என்பதே காரணம். அந்தக் கொந்தளிப்பை அடுத்து, அதே ஆண்டில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது, தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, உயிர்நாடி மாறவில்லை. சமய உணர்வைப் புண்படுத்தும் செயல் ‘வேண்டுமென்றும் கெட்ட நோக்கத்தோடும்’ செய்யப்பட்டிருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1957இல் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்னதே அந்தச் சொற்களை நம்பித்தான். ஒரு கிரிக்கெட் வீரரைக் கடவுள் உருவில் அட்டைப்படமாகப் போட்ட வழக்கை 2017இல் ரத்து செய்தபோதும் நீதிமன்றம் பார்த்தது அதையே. நோக்கம் இல்லாத அவமதிப்பு, கவனக்குறைவால் நேர்ந்த அவமதிப்பு இதற்குள் வராது.

ஆகவே, உங்கள் மனு உங்கள் மனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சட்டம் பேசியவருடைய மனத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கம் முழுக்க வேதனையை எழுதினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னது: ஒரு சொல்லின் விளைவை எடைபோடும்போது திடமான, துணிவுள்ள, நிதானமான மனிதரை அளவுகோலாகக் கொள்ள வேண்டும், எதைக் கேட்டாலும் பதறுகிறவரை அல்ல. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் வரை தண்டனையுள்ள குற்றங்களில், வழக்குப் பதியும் முன் 14 நாளுக்குள் முதல்நிலை விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. பேச்சு, எழுத்து சார்ந்த புகார்களில் காவல்துறை அந்த வழியைப் பயன்படுத்துவதே முறை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நோக்கத்தை எப்படிக் காட்டுவது? முதல் வேலை, பேசியவருக்கே ஒரு கடிதம். கேட்டால் பலருக்குக் கோபம் வரும்: ‘திட்டியவனிடமே போய்க் கெஞ்சுவதா?’ அது கெஞ்சலே அல்ல. ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன சொல்லைச் சொன்னீர்கள். அது எங்களை இன்ன காரணத்தால் இழிவுபடுத்துகிறது. 15 நாளுக்குள் திருத்தமோ விளக்கமோ தாருங்கள். அவ்வளவு போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவர் திருத்திக்கொண்டால் வேலை முடிந்தது. அந்தக் கடிதத்துக்குப் பிறகும் அதே சொல்லை அடுத்த மேடையில் சொன்னால், ‘தெரியாமல் சொன்னேன்’ என்ற வாதம் அவரிடமிருந்து போய்விடும். நோக்கத்துக்கு அதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைப்பது அரிது.

காலம் கடந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மூன்றாண்டுக் கெடு இருக்கிறது. இரண்டு வாரம் பொறுத்ததால் வழக்கு செத்துவிடாது. தாமதத்துக்குக் காரணமாக அந்தக் கடிதமே கையில் இருக்கும்.

அடுத்தது, முழுதாகப் படிப்பது, முழுதாகப் பார்ப்பது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்தான். கையில் கிடைப்பது 40 நொடித் துணுக்கோ, இரண்டு பக்க ஜெராக்ஸோ. ஒரு நாவலில் கெட்டவன் வாயில் வரும் சொல்லை நூலாசிரியரின் கருத்தாக மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அடுத்த பக்கத்தை வாசித்துக் காட்டும் நிமிடத்தில் உங்கள் மனு சரிந்துவிடும். பேச்சு முழுவதையும் பார்த்து, எந்த நிமிடம், எந்த நொடி என்று குறித்து, அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடப் பேச்சை எழுத்தாக்கி இணையுங்கள். ‘இழிவுபடுத்தும் வகையில் பேசியுள்ளார்’ என்று எழுதாதீர்கள். பேசிய சொற்களை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சொல் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு ஆய்வாளர் எதை விசாரிப்பார்?

வீடியோவை வாட்ஸ்அப்பில் வந்தபடியே பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது இன்னொரு பெரிய தவறு. ஃபார்வர்டு ஆகும்போது கோப்பு சுருங்குகிறது, நாளும் மூலமும் அழிகின்றன. முதலில் வெளியான இடத்தின் முகவரி, பதிவான நாள், நேரம் ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அங்கிருந்தே கோப்பைச் சேமியுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியில் சான்றைத் தருகிறவரும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்; கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினி அடையாள எண்) குறிக்க வேண்டும். இன்னொன்று: ‘பாருங்கள், எப்படிப் பேசியிருக்கிறான்’ என்று அந்தத் துணுக்கை நூறு குழுக்களுக்கு நீங்களே அனுப்பாதீர்கள். நூறு பேர் கேட்ட அவதூறு லட்சம் பேரை எட்டுவது பெரும்பாலும் அப்படித்தான். பிறர் எழுதிய இழிவுரையை ஃபார்வர்டு செய்தவரும் அதற்குப் பொறுப்பு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி, பிரிவுகளை அடுக்கும் பழக்கம். மனுவின் கடைசியில் ஏழெட்டுப் பிரிவுகளை எழுதி ‘உடனடியாகக் கைது செய்ய வேண்டும்’ என்று முடிக்கிறீர்கள். 299க்கும், பிரிவினரிடையே பகைமூட்டுவது பற்றிய 196க்கும் பொதுவாக உச்சபட்சத் தண்டனை மூன்றாண்டு. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தேவை என்பதற்கான காரணத்தை எழுத்தில் காட்ட முடியாவிட்டால், அழைப்பாணை கொடுத்து விசாரிப்பதே முறை. 2014 முதல் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. அது போதாதென்று, இந்த இரண்டு பிரிவுகளிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கவே முடியாது. நடக்க முடியாததைத் தொண்டர்களிடம் வாக்குறுதியாகக் கொடுத்துவிட்டு, அது நடக்காதபோது ‘காவல்துறை துரோகம்’ என்று அடுத்த அறிக்கை எழுதுகிறீர்கள். மனக்குறை இப்படித்தான் இரட்டிப்பாகிறது.

மேடையில் யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு: 299 சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றம் அல்ல. எதிராளி மனமாற மன்னிப்புக் கேட்டு, நீங்களும் மன்னித்துவிட்டாலும், புகாரைத் ‘திரும்பப் பெறுகிறோம்’ என்று சொல்லி வழக்கை முடிக்க இயலாது. உயர் நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். மன்னிப்புதான் வேண்டும் என்றால் அதற்கு முன்பே எஃப்.ஐ.ஆர். கேட்பது, வரவேண்டியவருக்குக் கதவைச் சாத்திவிட்டு வாசலைப் பார்த்துக் காத்திருப்பதுதான்.

அவதூறு வேறு வழி. நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் காவல்துறை தானாக வழக்குப் பதியாது. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவரிடம் தனிப் புகாராகத் தர வேண்டும். இங்கேயும் சங்கங்கள் தடுமாறுகின்றன. 2005இல் நடிகை குஷ்பு ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடு முழுவதும் வழக்குகள் போடப்பட்டன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 23 வழக்குகளையும் ஒன்றாக ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்கள் சட்டப்படி ‘பாதிக்கப்பட்டவர்கள்’ ஆகமாட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ‘தமிழ்ப் பெண்கள்’ போன்ற பெருந்திரள் முழுவதற்குமாக ஒருவர் அவதூறு வழக்குப் போட முடியாது. யாரைக் குறித்தது என்று அடையாளம் காணும்படி இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு வழக்கு என்பது நீதி தேடுவதாக நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை, அலைக்கழிப்பதாகவே தெரிகிறது. ஒரே பேச்சுக்கு ஊர் ஊராக எஃப்.ஐ.ஆர். போடுவதும் நிற்காது.

மிரட்டல் வரியைப் பற்றி. ‘இல்லையேல் மாபெரும் போராட்டம் வெடிக்கும், சட்டம் ஒழுங்கு கெட்டால் அரசே பொறுப்பு.’ இந்த வரி உங்களுக்குப் பலம் சேர்ப்பதாக நினைக்கிறீர்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் வழக்கில், 1989இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: ஆர்ப்பாட்டம், ஊர்வலம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது. அந்த வரியை எழுதிய நொடியில் விசாரணை பேசியவரிடமிருந்து உங்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. பொதுச் சொத்துக்குச் சேதம் வந்தால் 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் பாய்வது கூட்டத்தில் நின்ற இளைஞர்கள் மீது. அறிக்கையில் கையெழுத்திட்ட நீங்கள் அந்தப் பையன்களின் வேலைவாய்ப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்ப்பாட்டம் உங்கள் உரிமை, நடத்துங்கள். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். முழக்கங்களை முன்னாலேயே எழுதித் தொண்டர்களிடம் கொடுத்துவிடுங்கள். எதிராளியின் சாதியையோ குடும்பப் பெண்களையோ இழுக்கும் ஒரு முழக்கம் போதும், புண்பட்டவர் வரிசையில் நீங்கள் நின்ற இடம் கைமாறிவிடும்.

மன்னிப்பை எப்படிக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதையும் பேசியாக வேண்டும். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் பெருமாள்முருகன் ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ எழுதிக் கொடுத்தார். வெளியாகி நான்கு ஆண்டு கடந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்காக. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. கூட்டத்தின் அழுத்தத்தில் வாங்கிய மன்னிப்புக்குச் சட்டத்திலும் மதிப்பில்லை, வாங்கியவருக்கும் மன அமைதி தராது. மறுபக்கம், ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்பதையும் மன்னிப்பாக ஏற்காதீர்கள். எதைச் சொன்னேன், அது ஏன் தவறு, இனி என்ன செய்வேன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவை இருந்தால் பெற்றுக்கொண்டோம் என்று நீங்களும் பகிரங்கமாக எழுதிக் கொடுங்கள். பலர் அதைச் செய்வதில்லை. அதனாலேயே அடுத்தவர் மன்னிப்புக் கேட்கத் தயங்குகிறார்.

பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம். பயனில்லையென்றால், பத்திரிகைகள் மீதான புகார்களைக் கேட்கும் பிரஸ் கவுன்சில். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்களுக்கு நான்கு மாதத்துக்குள். தொலைக்காட்சி என்றால் ஒளிபரப்பாளருக்கு எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளுக்குள் முடிவு, அதற்குப் பின் சுயஒழுங்கு அமைப்பிடம் முறையீடு. இந்த வழிகளில் யாரும் சிறைக்குப் போகமாட்டார்கள். ஆனால் திருத்தம் வரக்கூடும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. நம்பிக்கையை ஒருவர் விமர்சிப்பதும், ஒரு மனிதரை அவர் பிறப்பைச் சொல்லி நாலு பேர் முன் இழிவுசெய்வதும் ஒன்றல்ல. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் வரும். அங்கே முதல்நிலை விசாரணை தேவையில்லை. 2018இல் அந்தச் சட்டத்தில் சேர்த்த 18ஏ பிரிவு அதை வெளிப்படையாகச் சொல்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்டுவதும் முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே தருவதும் அலுவலரின் கடமை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். இப்படியான புகாரோடு வருகிறவருக்கு நாங்கள் மேலே சொன்ன 15 நாள் காத்திருப்பும் கடிதமும் பொருந்தாது. அன்றே நிலையத்துக்குப் போக வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அங்கும் நடக்காவிட்டால் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

தேநீர்க் கடையில் தனிக் குவளை கொடுக்கப்பட்டவரின் புகாரும், பட போஸ்டரைப் பார்த்துப் புண்பட்டவரின் புகாரும் ஒரே நாளில் ஒரே நிலையத்துக்கு வருகின்றன. இரண்டாவதன் பின்னால் நூறு பேர் கொடியோடு நின்றால், முதலாவதைக் கேட்க ஆய்வாளருக்கு நேரம் இருக்காது. உங்கள் ஒன்றியத்தில் அப்படி ஒரு மனு நிலுவையில் இருக்கிறதா என்று அடுத்த செயற்குழுவில் கேளுங்கள். இருந்தால் முதலில் அந்த மனுவோடு நிலையத்துக்குப் போங்கள்.

இப்படிக்கு,
புகார் மனுக்களைப் படித்தும் திருத்தியும் வருகிற சிலர்